நூறு வயதுப் பெட்டியை இழைத்தார்கள்

ஜப்பானில் பழைய இழுப்பறைப் பெட்டியை வாங்கக் காசு தேவையில்லை, கழிக்கத்தான் தேவை. நகராட்சிக்குப் போன் போட்டு நாள் குறித்துக்கொண்டு, அதற்கென்று விற்கும் ஸ்டிக்கரைக் கடையில் வாங்கி ஒட்டி, சொன்ன நாள் காலையில் வாசலில் இறக்கி வைக்க வேண்டும். வண்டி வந்து எடுத்துப் போகும். அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீடு காலியாகிறது என்றால் இப்படி ஏதாவது ஒன்று வாசலுக்கு வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி யோகோஹாமாவில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தபோது, அவருடைய அம்மாவின் பெட்டிக்கும் அந்த நிலைமை வந்தது. அம்மாவுக்குக் கல்யாணமானது தைஷோ காலத்தின் கடைசியில், அதாவது 1920-களின் நடுவில். பிறந்த வீட்டுச் சீராக வந்த பெட்டி. "உங்க வீட்டம்மா அவ்வளவு பட்டு வெச்சிருக்காங்களே, இதை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். கேட்டது ஜப்பானிய மொழியில்தான், என் காதில் இப்படி விழுந்தது. தீபாவளிக்கு என் மனைவி கட்டியிருந்த காஞ்சிப் பட்டின் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, எத்தனை இழை, என்ன எடை என்று விசாரித்தவர் அவர். பட்டு தெரிந்த கை.

பெட்டி பார்க்கக் கண்றாவியாக இருந்தது. இங்கே இதைத் தன்சு என்பார்கள். மேலே ஒன்று கீழே ஒன்றாக அடுக்கிய இரண்டு பெட்டிகள், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய என் நெஞ்சு உயரம். மரம் புகையும் பிசுக்கும் ஏறிக் கருத்துக் கிடந்தது. முன்பக்கத்தில் பேரப்பிள்ளைகள் ஒட்டிப் பாதி உரித்த ரயில் ஸ்டிக்கர்கள். அடிப்பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு. ஒரு கைப்பிடியைக் காணோம், பூட்டுக்குச் சாவி இல்லை. "இதை எங்கங்க வைக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் நான் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருந்தேன். அந்த அளவுப் பெட்டிக்கு அந்த எடை நம்பவே முடியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத அட்டைப்பெட்டியைத் தூக்கினாற்போல ஒரு ஏமாற்றம் கைக்கு.

அது கிரி மரம். தாவரவியலில் பாலோனியா. காய்ந்த கிரியின் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. தேக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஜப்பானில் கிடைக்கும் மரங்களில் மிக லேசானது இதுதான். மடமடவென்று வளரும். பெண் பிறந்தால் தோட்டத்தில் ஒரு கிரி கன்று நடுவதும், அவளுக்குக் கல்யாணம் கூடும்போது அதை வெட்டிப் பெட்டி செய்வதும் பழைய வழக்கம். எத்தனை வீடுகளில் உண்மையில் அப்படி நடந்ததோ, வழக்கம் என்று சொல்லாத ஆள் கிடையாது. இந்த மரத்தின் இலையும் பூவும்தான் ஜப்பானிய அரசாங்கத்தின் முத்திரை. 500 யென் நாணயத்தில் இருப்பதும் அதுவே. தினமும் பையில் கிரியைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் கிரிப் பெட்டியைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

செப்பனிடக் கசுகாபேவுக்குக் கொண்டுபோனோம். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் இருக்கும் ஊர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரிந்த, பின்புறத்தை ஆட்டிக் காட்டும் அந்தக் கார்ட்டூன் பையனுக்கும் அதுதான் சொந்த ஊர். ஊருக்கு வேறு பெருமையும் உண்டு. டோக்கியோ முன்பு எடோ என்ற பெயரில் இருந்தது. அங்கிருந்து நிக்கோவுக்குப் போகும் பழைய சாலையில் கசுகாபே ஒரு தங்கல். 1630-களில் நிக்கோ கோயிலைப் பிரமாண்டமாக எடுத்துக் கட்டியபோது வேலைக்கு வந்த தச்சர்களில் சிலர் இங்கேயே தங்கி, சுற்றுவட்டாரத்தில் கிடைத்த கிரியை வைத்துப் பெட்டி செய்யத் தொடங்கினார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 1979-ல் அரசாங்கம் இந்த ஊர்க் கிரிப் பெட்டியை மரபுக் கைவினைப் பொருளாக அறிவித்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே நீகாதாவில் இருக்கும் காமோவுக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. ஜப்பானின் கிரிப் பெட்டிகளில் பெரும்பங்கு இன்றைக்கும் காமோவிலிருந்துதான் வருகிறது. கசுகாபேயில் பட்டறைகள் குறைந்துவிட்டன. இருப்பவற்றில் ஒன்றில், புதுப்பெட்டி வேலையைவிடப் பழைய பெட்டி வேலைதான் அதிகம் என்றார் தச்சர்.

அவர் பெட்டியைப் பார்த்த விதமே தனி. முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரு இழுப்பறையை உருவிக் கவிழ்த்து அடிப்பலகையைத் தட்டினார். உள்ளே திரும்பச் செருகினார். அந்த இழுப்பறை உள்ளே போகப் போக, மேலிருந்த இன்னொன்று மெல்ல வெளியே வந்தது. அவர் சிரித்தார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குப் போக வேறு வழியில்லாமல் பக்கத்து இழுப்பறையைத் தள்ளுகிறது. நூறு வருடத்துக்கு அப்புறமும் இடைவெளி விடாமல் நிற்கிறது என்றால் பலகைகள் எங்கேயும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கிரி ஈரத்துக்கும் வறட்சிக்கும் மற்ற மரங்கள் அளவுக்கு ஊதிச் சுருங்குவதில்லை. அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்: "நல்ல பெட்டி. இழைச்சிடலாம்."

எனக்குத் திக்கென்றது. பழம்பொருள் என்றால் மேற்பரப்பைத் தொடக்கூடாது, கறையும் கீறலும்தான் அதன் மதிப்பு என்பது டிவியில் ஏல நிகழ்ச்சி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். இவரோ இழைப்புளியை எடுத்து நூறு வருடத்தையும் சீவி எறியப் போகிறேன் என்கிறார். "கறுப்பு போகக்கூடாது, அந்தப் பழமை வேணும்" என்று நான் இழுத்தேன்.

அவர் வாதாடவில்லை. ஒரு இழுப்பறையின் உட்பக்கத்தைக் காட்டினார். கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் ஆணிக்கு இரண்டு கால்; முன்பலகையைத் துளைத்து வந்து, உட்பக்கத்தில் இரண்டு கால்களும் ஆளுக்கொரு திசையில் வளைந்து மரத்தில் படுத்திருக்கும். சின்னக் குறடால் அவற்றை நிமிர்த்தி, பூட்டுத் தகட்டை முன்பக்கத்திலிருந்து கழற்றினார். தகட்டுக்கு அடியில் இருந்த மரம் வெளிறிய பொன்னிறம். சுற்றிலும் கறுப்பு, நடுவில் தகட்டின் வடிவத்தில் ஒரு பொன்னிறத் துண்டு. "கல்யாணப் பொண்ணு பார்த்த நிறம் இது" என்றார். "கறுப்பு, சமையலறைப் புகை."

அதற்குமேல் நான் பேசவில்லை.

பிறகு முன்பலகையின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமன், முழு மரம். சீவப்போவது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அப்படியானால் இந்தப் பெட்டியை இன்னும் எத்தனை தலைமுறை இழைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தடிமன் உறுதிக்காக மட்டும் வைத்ததல்ல. என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒரு தச்சன் இழைப்பான் என்று எதிர்பார்த்து வைத்தது. ஆணிகளும் அப்படியே. பலகைகளைப் பொருத்த இரும்பாணி கிடையாது. மூலைகள் பல் வெட்டிக் கோத்தவை. பலகைகளை அறைந்திருப்பது மர ஆணிகள். உத்சுகி என்ற புதர்ச்செடியின் கெட்டியான கட்டையைச் சீவி, தவிட்டோடு வறுத்து ஈரத்தைப் போக்கிச் செய்வார்கள். இரும்பாணி அடித்திருந்தால் துரு பிடித்து மரத்தைக் கெடுப்பது ஒருபக்கம், இழைப்புளியின் அலகு அதில் பட்டுப் பல் உடைந்துபோகும். மர ஆணி என்றால் பலகையோடு சேர்ந்து தானும் சீவப்பட்டுவிடும். பெட்டியைச் செய்தவர், தனக்குப் பின்னால் வரப்போகிற தச்சனின் அலகைப் பற்றி யோசித்திருக்கிறார்.

வேலை நடக்கும்போது போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். கைப்பிடி, பூட்டு, மூலைத்தகடு எல்லாவற்றையும் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதித் தட்டில் வைத்துவிடுகிறார்கள். அடுத்தது குளியல். பெட்டியை வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறார்கள். பழைய மரச்சாமானுக்கு வெந்நீர் என்றால் நம் ஊர் ஆசாரி அடிக்க வருவார். கிரிக்கு அது வைத்தியம். இந்த மரத்தின் உள்ளே முழுக்கக் காற்றறைகள். அழுந்திப் பள்ளமான இடங்கள் சூடும் ஈரமும் பட்டதும் மெல்ல எழுந்து வந்து சமமாகின்றன. விரல் நகம் பட்டாலே தடம் விழும் அளவுக்கு மெத்து மரம். எழுந்து வருவதற்கும் அந்த மெத்துதான் காரணம். கழுவிய தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் ஓடியது.

கழுவியதை நிழலில் நன்றாகக் காயவிட்டு, வெடிப்புகளை அடைக்கிறார்கள். மரத்தூளும் பசையும் கலந்த பட்டி இங்கே செல்லாது. பழைய கிரியிலிருந்து அந்த வெடிப்புக்கென்றே மெல்லிய துண்டு சீவி, ரேகை ஒத்துப் போகும்படி திருப்பிப் பார்த்து, பசை தடவிச் செருகித் தட்டிவிடுகிறார்கள். அடிப்பலகையின் நீள வெடிப்புக்கு அப்படி ஒரு சீவல் போனது. எந்த இடம் என்று தெரிந்து தேடினால்தான் இப்போது கண்ணில் படும்.

இழைப்பு. ஜப்பானிய இழைப்புளியைத் தள்ளமாட்டார்கள், தன் பக்கம் இழுப்பார்கள். முதல் இழுப்பில் வந்த சீவல் கறுப்பு. அடுத்தது பழுப்பு. அதற்கடுத்தது வெளிறிய நிறத்தில், கண்ணுக்கு முன்னால் பிடித்தால் மறுபக்கம் தெரியும் மெலிவில் வந்தது. ரயில் ஸ்டிக்கரின் பாதி ஒரு சீவலோடு போயிற்று. அப்போது மட்டும் மனசு கொஞ்சம் ஒரு மாதிரி ஆனது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதற்கப்புறம் வந்தது. உசுகுரி என்று ஒரு கருவி. ஒருவகைப் புல்லின் வேர்களைச் சேர்த்து இறுக்கிக் கயிறு சுற்றி, நுனியை வெட்டிச் சமப்படுத்தியது. பூசைக் கடையில் தொங்கும் வெட்டிவேர்க் கட்டை இரும்பாக இறுக்கினால் அப்படி இருக்கும். இதை ரேகையின் போக்கில் அழுத்தித் தேய்க்கிறார்கள். மரத்தின் ஒவ்வொரு வருட வளையத்திலும் மெத்தான பகுதி ஒன்று, கெட்டியான கோடு ஒன்று. தேய்க்கத் தேய்க்க மெத்துப் பகுதி உள்ளே போகும், கோடு எழுந்து நிற்கும். விரலை வைத்து ஓட்டினால் ரேகை தட்டுப்படும். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்கு அதிகம் தெரியும். தேய்த்த இடம் கெட்டிப்பட்டு லேசாகப் பளபளக்கிறது, வார்னிஷ் இல்லாமலே.

நிறம் கடைசி. தோனோகோ என்று ஒரு பொடி, சாணைக்கல் வகைக் கல்லை நைசாக அரைத்தது. கியோத்தோவின் யமாஷினா அதற்குப் பேர்போன இடம். யாஷாபுஷி என்ற மரத்தின் சின்னக் காய்களை வேகவைத்து எடுத்த துவர்ப்புச் சாற்றில் இதைக் கரைத்து, அகலப் பிரஷ்ஷால் ஒரே போக்கில் பூசுகிறார்கள். காய்ந்ததும் மெழுகு. இபோதா என்ற புதரில் வாழும் ஒரு பூச்சி சுரக்கும் வெள்ளை மெழுகு அது. முடிந்தபோது பெட்டி சந்தனத்தைக் கொஞ்சம் சாம்பலில் குழைத்த நிறத்தில் இருந்தது. கைப்பிடிகளைப் புதிதாக மாற்ற வேண்டாம் என்று கேட்டிருந்தேன். துருவை எடுத்து மறுபடி கறுப்பேற்றி அவற்றையே பூட்டினார்கள். காணாமல்போன ஒன்றுக்குப் பதில், அதே காலத்து வேறு பெட்டியிலிருந்து எடுத்து வைத்த ஒன்று. அருகில் பார்த்தால் வளைவு கொஞ்சம் ஒட்டாது. இருக்கட்டும்.

செலவு இரண்டு லட்சம் யென்னைத் தாண்டியது. இதே தரத்தில் முழுக் கிரியில் புதுப்பெட்டி வாங்க வேண்டுமென்றால் பத்து லட்சம் யென் பக்கம் போகும் என்பது என் சமாதானம். வீடியோ அழைப்பில் பார்த்த அம்மாவுக்கு அது எடுபடவில்லை. "நூறு வருஷத்துப் பொட்டின்னியேடா, இது கடைல நேத்து வாங்கினாப்ல இருக்கு?" வீட்டுக்கு வந்த நண்பர்களும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்கள், கொஞ்சம் நாசூக்காக. ஒருவர் பிரபல ஸ்வீடன் கடையின் பெயரைச் சொன்னார். அவருக்கு அன்றைக்குக் காபி தாமதமாகத்தான் வந்தது.

கிரிப் பெட்டியை இழைத்ததில் எனக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை. அதன் பழமை பல் கோத்த மூலையில் இருக்கிறது, காற்றுக்கு வழிவிடாத இழுப்பறையில் இருக்கிறது, மர ஆணியில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுமே சீவலோடு போகவில்லை. மேலே படிந்த கறுப்பைக் காப்பாற்றி, உள்ளே முறுக்கிப்போன இழுப்பறையோடு மூலையில் நிறுத்தியிருந்தால் அது பெட்டியாக இருக்காது, பெட்டியின் படமாக இருக்கும். நான் சகிக்க மாட்டாதது வேறு ஒன்று. வெளிநாட்டுச் சந்தைக்கென்று கிரிப் பெட்டியைக் கழுவி, வால்நட் நிறம் ஏற்றி, பிளாஸ்டிக் வார்னிஷைப் பளபளவென்று அடித்து விற்பது. ஈரத்தை வாங்கி விடுகிற மரத்தின் வாயை அடைத்துவிட்டு, மேலே போலியான வயதைப் பூசுகிறார்கள்.

ஆனால் இந்த நியாயத்தை எல்லாத் தன்சுக்கும் நீட்டக்கூடாது. வடக்கே செந்தாய் நகரத்துப் பெட்டிகளைப் பார்த்தால் புரியும். அவை கெயாகி மரம். கனமான, கெட்டியான, ரேகை சுழித்துச் சுழித்து ஓடும் மரம். அதன்மேல் உருஷி. உருஷி என்பது ஒரு மரத்தின் பால். ஈரக் காற்றில்தான் இறுகும், பச்சையாகக் கையில் பட்டால் கொப்புளம் போடும். அதைப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து மெருகேற்றினால், தேனுக்கு அடியில் ரேகை மிதக்கிறது. அதற்கும் மேலே சிங்கமும் டிராகனும் பியோனிப் பூவும் தட்டி எடுத்த இரும்புத் தகடுகள். இங்கே பெட்டியின் வயது முழுக்க அந்தப் பூச்சிலும் இரும்பிலும்தான் இருக்கிறது. உருஷி பழக்கப் பழக்க உள்ளே தெளிந்து, மரம் இன்னும் நன்றாகத் தெரியத் தொடங்கும். இதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் பெட்டியைக் கொன்றவன். செப்பனிடத் தெரிந்தவர்கள் அழுக்கை மட்டும் எடுத்து, விட்டுப்போன இடத்தில் உருஷியைத் தொட்டுத் துடைத்து, ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2015-ல் செந்தாய்ப் பெட்டிக்கும் அரசாங்கப் பட்டம் கிடைத்தது, தாமதமாக.

இந்த இரண்டு மரமும் ஒரே பெட்டியில் சேர்ந்த இடம் கடல். 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஒசாகாவிலிருந்து ஜப்பான் கடல் பக்கமாகச் சுற்றி ஹொக்காய்தோ வரை சரக்குக் கப்பல்கள் ஓடின. போகும் வழியெல்லாம் வாங்கி விற்பது அவர்கள் வியாபாரம். கப்பல்காரரின் பணம், முத்திரை, உரிமைச்சீட்டு, கணக்கு எல்லாம் ஃபுனாதன்சு என்ற சின்னப் பெட்டிக்குள். சாதோ தீவின் ஓகி, சகாத்தா, மிகுனி ஆகிய துறைமுகங்கள் அதற்குப் பேர்போனவை. வெளியே கெயாகியும் கண்ணை மறைக்கும் அளவுக்கு இரும்பும், உள்ளே கிரி. கதவைத் திறந்தால் இழுப்பறை, இழுப்பறையை உருவினால் பின்னால் ஒரு பொய்ச்சுவர், அதைத் தள்ளத் தெரிந்தால் இன்னொரு பெட்டி. கப்பல் முழுகினால் இதைக் கடலில் எறிந்துவிடுவார்கள், மிதந்து கரை சேரும், உள்ளே காகிதம் நனைந்திருக்காது என்பார்கள். கிரி தண்ணீர் பட்டதும் ஊதி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும் என்பதால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அத்தனை இரும்போடு மிதக்குமா என்று கேட்டேன். "எறிஞ்சு பாக்க யாரும் தரமாட்டாங்க" என்றார் தச்சர்.

தண்ணீர் கதையைவிட நெருப்புக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் என் பெட்டி ஏன் இரண்டாகப் பிரிகிறது என்பதற்கு அதில்தான் பதில். எடோ மரத்தாலும் காகிதத்தாலும் ஆன ஊர், எரிந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் துணிமணி வைக்க நீளமான மூடிப்பெட்டிகள். சிலவற்றுக்கு அடியில் சக்கரமும் உண்டு, தீப்பிடித்தால் உருட்டிக்கொண்டு ஓடலாம் என்று. 1657-ல் பற்றிய மெய்ரெகி தீயில் ஊரில் பாதிக்குமேல் சாம்பலானது. ஒரு லட்சம் பேர் வரை இறந்ததாகச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வர, குறுகிய தெருக்கள் அடைபட்டு ஜனங்கள் நகர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 1683-ல் எடோ, ஒசாகா, கியோத்தோ மூன்று ஊரிலும் சக்கரப் பெட்டிக்குத் தடை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இழுப்பறை வைத்த தன்சு பரவத் தொடங்குகிறது. சக்கரம் போய், பக்கவாட்டில் மேல்நோக்கித் திரும்பும் இரும்பு வளையங்கள் வந்தன. அவற்றில் ஒரு கம்பை நுழைத்தால் இரண்டு பேர் தோளில் தூக்கலாம். பெட்டியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு ஜோடி ஆட்கள். இதற்குக் கிரி லேசாக இருந்தது வசதி. தீப்பட்டால் மேலே கரியாகும், சூடு உள்ளே சீக்கிரம் இறங்காது. தண்ணீர் ஊற்றினால் ஊதி அடைத்துக்கொள்ளும். இந்தக் குணத்தை நம்பித்தான் இங்கே இரும்புப் பெட்டகங்களுக்குள்ளும் கிரிப் பலகை வைப்பார்கள். 1868-க்கு அப்புறம் எடோ கால அடுக்குமுறைகள் உடைந்து சாதாரணக் குடும்பங்களும் கல்யாணத்துக்குத் தன்சு வாங்கத் தொடங்கியபோது, அந்த வளையங்கள் கல்யாண ஊர்வலத்துக்குப் பயன்பட்டன. என் பெட்டியிலும் இருக்கின்றன.

அப்படிப்பட்ட பொருளை ஏன் இன்றைக்கு வாசலில் வைக்கிறார்கள்? கிமோனோ கட்டுகிறவர்கள் இல்லை என்பது தெரிந்த காரணம். மடித்த கிமோனோ நீளவாக்கில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். அதற்கென்று செய்த இழுப்பறையில் டி-ஷர்ட்டைப் போட்டால் தொலைந்துவிடும். புது அபார்ட்மென்ட்டில் சுவரோடு சேர்ந்த அலமாரி வந்துவிடுகிறது. அதற்கும் மேலே பயம். 1995-ல் கோபேயைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த மரச்சாமானுக்கும் அடியில் சிக்கியவர்கள். படுக்கையறையில் ஆளுயரப் பெட்டி வைக்காதே என்பது அதற்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு அனிச்சையாகவே ஆகிவிட்டது. நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பெட்டியையும் அடுக்கவில்லை. கீழ்ப்பெட்டி படுக்கையறையில், முட்டி உயரத்துக்கு மேல் போகாமல். அதில்தான் புடவைகள். வெளுத்த வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, வெள்ளிச் சரிகை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கியிருக்கிறாள். ஜூன் பாதியில் தொடங்கி ஜூலை வரை பெய்யும் மழையில் எங்கள் செருப்பு அலமாரியே பூஞ்சை பூக்கும். இந்த இழுப்பறைகள் அப்போது இன்னும் இறுக்கமாகிவிடும், திறக்க இரண்டு கையும் வேண்டும். உள்ளே துணி உலர்ந்தே இருக்கிறது. பூச்சி உருண்டை போடுவதில்லை. கிரியைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. போட்டே ஆகவேண்டும் என்றால் கற்பூரமோ நாப்தலீனோ ஏதாவது ஒன்றுதான், இரண்டையும் கலந்து வைத்தால் உருகித் துணியில் கறை பிடிக்கும். வருடத்துக்கு ஒருதரம் குளிர்காலத்து வறண்ட நாளில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடியில் நிழலாற விடுகிறோம். ஜப்பானியப் பாட்டிகளும் இதைத்தான் செய்வார்கள். காஞ்சிபுரத்து மாமியும் இதைத்தான் சொல்லி அனுப்பினார்.

தச்சர் கொடுத்த எச்சரிக்கைகளில் இரண்டு கண்டிப்பானவை: ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, எண்ணெய்க் கையால் தொடக்கூடாது. தோனோகோ பூச்சு வெறும் மண்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் போட்டு நிற்கும். இறகுத் தூசி தட்டியும் காய்ந்த துணியும் மட்டும். மனைவியிடம் இதைச் சொல்லி வைத்தேன்.

மேல்பெட்டிக்கு வரவேற்பறைதான் கிடைத்தது. அதன் உயரத்தையும் கிழக்குச் சுவரையும் பார்த்ததும் மனைவி தீர்மானித்துவிட்டாள், சாமி படங்கள் அதன்மேல்தான். வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம், சந்தனம், ஈரப்பூ, நல்லெண்ணெய் விளக்கு. ஒவ்வொன்றும் அந்த மரத்துக்கு விஷம். "சாமிக்கு வைக்கிற எண்ணெய்ல கறை பிடிக்குமா?" என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். முகம் ஒரு மாதிரி போயிற்று. கடைசியில் மேலே அளவெடுத்து ஒரு கண்ணாடி போட்டு, அதன்மேல் பித்தளைத் தட்டு, தட்டுக்குள் விளக்கு என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். திரியைத் தூண்டிய கையை அப்படியே கீழே கொண்டுபோய் முதல் இழுப்பறையின் ஓரத்தில் துடைப்பதைப் பற்றிய பேச்சு வார்த்தை மட்டும் இன்னும் முடியவில்லை. "அதான் மறுபடி இழைக்கலாம்னாரே" என்கிறாள்.